எல்லைக்கல் சொல்லும் வரலாறு



ஊரில் தொற்றுநோய் பரவுகிற காலத்தில் மனிதனுக்கு இரண்டு எண்ணங்கள் ஒருசேர வருகின்றன. ஒன்று, வீட்டுக்குள்ளேயே இருந்துவிட வேண்டும் என்பது. மற்றொன்று, இந்தக் கூட்டத்தையும் நெரிசலையும் விட்டு, காற்றோட்டமான ஒரு மலைக்கோ காட்டுக்கோ ஆற்றோரத்துக்கோ போய்விட வேண்டும் என்பது. இரண்டுமே இயல்பானவைதாம். ஆனால் நாம் போய் இறங்குகிற அந்த மலையடிவாரத்திலும் மக்கள் வாழ்கிறார்கள். அங்கேயும் கைக்குழந்தைகள் உண்டு, முதியவர்கள் உண்டு, ஊருக்கெல்லாம் ஒன்றாக ஒரு சிறிய மருந்தகம் உண்டு. காற்று வாங்கப் போகிற நாம் அவர்களுக்கு எதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம்?

இது 2020ஆம் ஆண்டு கோவிட் நோய் வந்தபோது உலகெங்கும் எழுந்த கேள்வி. ஆனால் அன்று புதிதாகப் பிறந்த கேள்வி அன்று. இங்கிலாந்து நாட்டின் ஒரு மலைப்பகுதி இதே கேள்வியை நெடுங்காலமாகச் சந்தித்து வந்திருக்கிறது. அந்த மலைப்பகுதியின் வரலாற்றை இன்று நாம் சற்று விரிவாகப் பார்ப்போம்.

அதன் பெயர் பீக் மலைநாடு. மான்செஸ்டர், ஷெபீல்டு என்னும் இரண்டு பெரிய தொழில் நகரங்களுக்கு இடையே அது அமைந்திருக்கிறது. பெரும்பகுதி டார்பிஷயர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்குள்ள மிக உயர்ந்த இடமான கிண்டர் ஸ்கவுட் 636 மீட்டர் உயரமே உடையது. நம் கேமரன் மலையில் பாதிகூட இல்லை. மரம் குறைந்த மேட்டு நிலம், செம்மறியாடு மேயும் புல்வெளி, கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள், பள்ளத்தாக்குகளில் சிறு சிறு ஊர்கள் – இதுதான் அதன் தோற்றம். இந்தச் சிறிய மலைநாட்டில், ‘உள்ளே யார் வரலாம், வெளியே யார் போகலாம்’ என்ற வழக்கு ஏறத்தாழ 350 ஆண்டுக் காலத்தில் நான்கு முறை பெரிதாக எழுந்தது.

முதல் முறை 1665ஆம் ஆண்டு. அந்த ஆண்டு லண்டன் மாநகரைக் கொள்ளைநோய் பிடித்தது. நகரத்தின் சாவுக் கணக்கேடுகளில் கொள்ளைநோயால் இறந்தவர்களாக எழுதப்பட்டவர்கள் மட்டும் 68,596 பேர். உண்மையில் இறந்தவர்கள் ஒரு லட்சம் இருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்களின் கணக்கு. நோய் கடுமையானதும், போக வழியுள்ளவர்கள் முதலில் போனார்கள். அரசரும் அரசவையும் லண்டனை விட்டுப் போய், பிறகு ஆக்ஸ்போர்டு நகரில் தங்கினர். செல்வர்கள் வண்டி கட்டிக்கொண்டு தங்கள் நாட்டுப்புற மாளிகைகளுக்குப் புறப்பட்டனர். கூலிக்காரனும் வேலைக்காரியும் கைத்தொழிலாளியும் நகரத்திலேயே நின்றார்கள். வழியிலிருந்த ஊர்கள் லண்டன்காரர்களைக் கண்டு அஞ்சின. நோயில்லை என்று எழுதிய சான்றிதழ் இல்லாதவரை உள்ளே விட மறுத்தன. நாட்டுப்புறம் என்பது நகரத்தாரின் புகலிடம் என்று ஒரு பக்கம் நினைக்க, அது எங்கள் வீடு என்று மறுபக்கம் சொன்னது.

அவ்வாண்டு கோடையின் இறுதியில், லண்டனிலிருந்து பீக் மலைநாட்டின் ஒரு சிற்றூருக்கு ஒரு துணிப்பெட்டி போய்ச் சேர்ந்தது. அந்த ஊரின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தால் ‘ஈயம்’ என்று வரும். அவ்வூரார் ‘ஈம்’ என்றே சொல்வார்கள். அங்கே பலர் உண்மையிலேயே ஈயச் சுரங்கம் தோண்டிப் பிழைத்தவர்கள் என்பது ஒரு தற்செயல். பெட்டி ஒரு தையற்காரர் வீட்டுக்கு வந்தது. துணி ஈரமாக இருந்ததால், ஜார்ஜ் விக்கர்ஸ் என்ற வேலையாள் அதைப் பிரித்து நெருப்பருகே உலர்த்தினார் என்பது அவ்வூரில் வழிவழியாக வரும் செய்தி. சில நாள்களில் அவர் காய்ச்சலில் விழுந்தார். செப்டம்பர் 7ஆம் நாள் அவரை அடக்கம் செய்தார்கள். அடுத்து அந்த வீட்டில் ஒரு சாவு. அடுத்த வீட்டில் ஒரு சாவு. குளிர்காலத்தில் நோய் சற்றே தணிந்தது. 1666 சூன் மாதம் வெயில் ஏறியதும் மீண்டும் தலை தூக்கியது.

ஊர் மக்கள் மிரண்டார்கள். ஓடிவிடலாம் என்பதே பலருடைய எண்ணம். வசதியுள்ள சிலர் முன்பே போய்விட்டனர். அப்போது அவ்வூரில் வில்லியம் மாம்பெசன் என்ற இளம் பாதிரியார் இருந்தார். வந்து நெடுங்காலம் ஆகாதவர். மக்களுக்கு அவர்மேல் இன்னும் பெரிய நம்பிக்கை ஏற்படவில்லை. அவருக்கு முன்பு தாமஸ் ஸ்டான்லி என்ற பாதிரியார் இருந்தார். அரசாங்கம் வகுத்த வழிபாட்டு முறையை ஏற்க மறுத்துப் பதவியை இழந்தவர் அவர். மக்களின் மனம் அவர் பக்கமே இருந்தது. கொள்கையால் எதிரெதிரான இந்த இருவரும் ஊரைக் காப்பதற்காக ஒன்று சேர்ந்தனர். ஊராருக்கு மூன்று முடிவுகளை எடுத்துச் சொன்னார்கள். இறந்தவர்களை அவரவர் குடும்பத்தாரே தங்கள் தோட்டத்திலோ வயலிலோ அடக்கம் செய்ய வேண்டும். தேவாலயத்தைப் பூட்டிவிட்டு, திறந்த பள்ளத்தாக்கில் குடும்பம் குடும்பமாக விலகி நின்று வழிபட வேண்டும். மூன்றாவது முடிவுதான் கடினமானது. நோய் தீரும் வரை யாரும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. வெளியாரும் உள்ளே வரக் கூடாது. மக்கள் ஒப்புக்கொண்டார்கள்.

நேயர்களே, இந்தக் கட்டுப்பாடு நமக்குப் புரியாத ஒன்று அன்று. அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலையைச் செருகி, வெளியாரை வராமல் நிறுத்தியவர்கள் நம் முன்னோர். மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஊர் எல்லை தாண்டக் கூடாது என்ற வழக்கத்தைத் தோட்டங்களில் இன்றும் பெரியவர்கள் சொல்லக் கேட்கிறோம். ஆனால் திருவிழாக் காப்பு சில நாள்களில் அவிழ்ந்துவிடும். ஈம் ஊரார் கட்டிக்கொண்ட காப்பு எப்போது அவிழும் என்று யாருக்கும் தெரியாது.

அடைத்துக்கொண்டால் சாப்பாட்டுக்கு என்ன வழி? இங்கேதான் அந்த எல்லைக்கல் வருகிறது. ஈம் ஊருக்கும் பக்கத்து ஊரான ஸ்டோனி மிடில்டனுக்கும் நடுவே ஒரு பெரிய கல் இன்றும் கிடக்கிறது. அதில் சிறு சிறு குழிகள் குடைந்திருக்கும். ஈம் மக்கள் அந்தக் குழிகளில் வினிகர் என்னும் காடியை ஊற்றி, அதற்குள் காசை வைத்துவிட்டுத் திரும்புவார்கள். பக்கத்து ஊரார் வந்து காசை எடுத்துக்கொண்டு, ரொட்டியையும் மாவையும் மருந்தையும் வைத்துவிட்டுப் போவார்கள். வடக்கே மலைமேல் ஒரு நீரூற்றுக் கரையிலும் இதே ஏற்பாடு. அருகிலிருந்த சாட்ஸ்வொர்த் மாளிகையின் டெவன்ஷயர் பிரபு உணவுப் பொருள்கள் அனுப்பி உதவினார். கொடுத்தவரும் வாங்கியவரும் ஒருவரை ஒருவர் தொடவில்லை. ஆனால் ஒருவரை ஒருவர் கைவிடவும் இல்லை.

கொடுத்த விலை பெரிது. ஊருக்கு வெளியே இருந்த ரைலி பண்ணையில் எலிசபெத் ஹான்காக் என்ற தாய், 1666 ஆகஸ்டு மாதத்தில், எட்டே நாள்களுக்குள் தன் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்தாள். துணைக்கு வர யாரும் இல்லை, வரவும் கூடாது. அதே மாதம் 25ஆம் நாள் பாதிரியாரின் மனைவி கேத்தரின் இறந்தாள். அவர்களுடைய இரண்டு குழந்தைகளை மாம்பெசன் முன்பே வெளியூருக்கு அனுப்பியிருந்தார். மனைவி மட்டும் அவரை விட்டுப் போக மறுத்துக் கூடவே நின்றவள். நவம்பர் முதல் நாளோடு சாவு நின்றது. 14 மாதங்களில் மாண்டவர்கள் ஏறத்தாழ 260 பேர். ஊரின் மக்கள்தொகை 350தான் என்று முன்பு எழுதினார்கள். 700க்கு மேல் இருக்கலாம் என்று பிற்கால ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். எப்படிப் பார்த்தாலும், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத மக்கள் மாண்டுபோயினர். சுற்றியிருந்த ஊர்களுக்கு நோய் பரவவில்லை.

இந்த வரலாற்றைப் புகழ்வதோடு நிறுத்திவிடுவது எளிது. ஆனால் கல்வி என்பது இன்னும் ஒரு படி ஏறிப் பார்ப்பதாகும். கொள்ளைநோயின் கிருமியை அலெக்சாந்தர் யெர்சின் ஹாங்காங்கில் கண்டது 1894ஆம் ஆண்டு. எலியின் உடம்பிலுள்ள தெள்ளுப்பூச்சி அதைப் பரப்புகிறது என்று பால் லூயி சிமோன் கராச்சியில் கண்டது 1898ஆம் ஆண்டு. ஈம் மக்களுக்கு இவை எவையும் தெரியாது. துணிப்பெட்டியில் வந்தது தெள்ளுப்பூச்சி என்று இன்று நாம் சொல்கிறோம். காடியில் போட்ட காசு நோயைத் தடுத்திருக்குமா என்பது ஐயமே. எலியும் தெள்ளுப்பூச்சியும் உள்ள வீடுகளுக்குள் அடைந்து கிடந்ததால், சாவு கூடியிருக்கலாம் என்று சொல்கிற அறிஞர்களும் உண்டு. பிழைக்கும் வழியைக் காட்ட அன்று அறிவியல் இல்லை. பிறருக்குக் கொடுத்துவிடக் கூடாது என்ற எண்ணம் மட்டும் இருந்தது. இன்று நம்மிடம் அறிவியல் இருக்கிறது. ஆகவே, எல்லையை அடைப்பதற்கு முன்பும் திறப்பதற்கு முன்பும் நோய் எப்படிப் பரவுகிறது என்று கேட்க வேண்டியது நம் கடமையாகிறது.

இனி இரண்டாவது வழக்குக்கு வருவோம். இதில் நோய் இல்லை. ஆனால் திறந்த வெளி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் 2020ஆம் ஆண்டு நடந்ததைப் புரிந்துகொள்ள முடியாது.

பீக் மலைநாட்டின் இருபுறமும் நூற்பாலைகளும் இரும்பாலைகளும் எழுந்தன. ஆலைப் புகையிலும் நெருக்கமான வீடுகளிலும் ஆறு நாள் உழைத்த தொழிலாளிக்கு, ஞாயிற்றுக்கிழமை மலையில் நடப்பதே மலிவான மருந்து. ஆனால் மலையின் மேட்டு நிலங்கள் பெரும் பிரபுக்களுக்குச் சொந்தமாக இருந்தன. ஆண்டில் சில நாள்கள் காட்டுக்கோழி சுடுவதற்காக, மற்ற நாள்களிலும் யாரையும் விடாமல் வேட்டைக் காவலர்கள் தடி ஏந்திக் காவல் நின்றார்கள். 1932 ஏப்ரல் 24ஆம் நாள், ஹேபீல்டு என்ற ஊரருகே ஏறத்தாழ 400 பேர் திரண்டு, தடையை மீறிக் கிண்டர் ஸ்கவுட் மேட்டில் ஏறினர். முன்னின்று நடத்தியவர் பென்னி ராத்மன் என்ற 20 வயது இளைஞர். காவலர்களோடு கைகலப்பு நேர்ந்தது. ஆறு பேர் பிடிபட்டனர். ஐந்து பேருக்கு இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை கிடைத்தது. ராத்மனுக்கு நான்கு மாதம்.

தோட்டத்து மக்களாகிய நமக்கு இந்தக் கதை அயலானது அன்று. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்தில் நம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர். எச். நாதன் முதலானோர் முன்னின்ற அந்தப் போராட்டத்தில் வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வு மட்டும் இருக்கவில்லை. உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து போக வேண்டும் என்பது ஒன்று. துரைமார் முன்பும் கிராணிமார் முன்பும் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிப் போக உரிமை வேண்டும் என்பது மற்றொன்று. பாதையில் நடப்பதும், வாசலைத் திறந்து உறவை வரவேற்பதும் மனிதனின் மதிப்பைச் சேர்ந்தவை. அவை பறிக்கப்பட்டவனுக்கே அவற்றின் அருமை தெரியும்.

கிண்டர் மேட்டில் சிறை சென்றவர்களின் முயற்சி வீண்போகவில்லை. 1949ஆம் ஆண்டு தேசியப் பூங்காக்களுக்கான சட்டம் பிறந்தது. 1951 ஏப்ரல் மாதம் பீக் மலைநாடு பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. அதே ஆண்டு, நாட்டுப்புறத்துக்கு வருவோர் நடந்துகொள்ள வேண்டிய முறைகளைச் சொல்லும் ஒரு சிறு நெறிநூலும் வெளியாயிற்று. வேலிக்கதவைச் சாத்து, நாயை அடக்கி வை, தீ மூட்டாதே, குப்பை போடாதே என்பவை போன்ற எளிய விதிகள். உரிமையும் கடமையும் ஒரே ஆண்டில் இரட்டைப் பிள்ளைகளாகப் பிறந்தன என்று சொல்லலாம். கிண்டர் மேடு ஒரு காலத்தில் டெவன்ஷயர் பிரபுவின் வேட்டை நிலமாக இருந்தது. அன்று ஈம் ஊருக்கு உணவு அனுப்பிய அதே பரம்பரை. 2002ஆம் ஆண்டு, கிண்டர் நிகழ்ச்சியின் எழுபதாம் ஆண்டு நிறைவில், அப்போதைய டெவன்ஷயர் பிரபு தம் பாட்டனார் காலத்துச் செயலுக்கு மக்கள் முன் மன்னிப்புக் கேட்டார்.

அதற்கு ஓராண்டு முன்புதான் மூன்றாவது வழக்கு நடந்தது. 2001 பிப்ரவரி மாதம் பிரிட்டனில் கோமாரி நோய் கண்டது. மாடு வளர்க்கிற நம் குடும்பங்களுக்கு இந்த நோயைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. வாயிலும் குளம்பிலும் புண் வந்து, மாடு தீனி எடுக்காமல் நின்றுவிடும். இது மனிதனைப் பிடிப்பதில்லை. ஆனால் மனிதனின் காலணியிலும் வண்டிச் சக்கரத்திலும் ஒட்டிக்கொண்டு ஒரு பண்ணையிலிருந்து மறு பண்ணைக்குப் போய்விடும். நோயை ஒழிக்க 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. சிறை சென்று பெற்ற நடைபாதைகள் நாடு முழுவதும் அடைக்கப்பட்டன. பீக் மலைநாட்டு மேடுகளும் வெறிச்சோடின. சாலைகளில் கிருமிநாசினி ஊற்றிய வைக்கோலைப் பரப்பினார்கள். மே மாதம் நடக்கவிருந்த பொதுத்தேர்தல்கூடச் சூன் மாதத்துக்குத் தள்ளிப்போயிற்று. மலையில் நடக்கிற பழக்கமுள்ளவர்கள் பெரும்பாலும் முணுமுணுக்காமல் வீட்டில் இருந்தார்கள். ஏன்? காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. தங்கள் காலில் ஒட்டிய சேறு ஓர் உழவனின் மந்தையை அழித்துவிடும் என்று அவர்களுக்குப் புரிந்தது. அதே வேளையில், வருகிறவர்களை நம்பிப் பிழைத்த தேநீர்க் கடைக்காரரும் விடுதிக்காரரும் வருமானமின்றித் தவித்தார்கள். நாட்டுப்புறத்துக்கு விருந்தாளியும் வேண்டும், பாதுகாப்பும் வேண்டும் என்ற உண்மையை அந்த ஆண்டு காட்டியது.

நான்காவது வழக்கு 2020ஆம் ஆண்டு. மார்ச் மாதம் கோவிட் நோய் பிரிட்டனில் பரவியது. பள்ளிகளும் உணவகங்களும் மூடப்பட்ட வாரத்தின் இறுதியில், 21, 22ஆம் நாள்களில் வெயில் நன்றாக அடித்தது. மூட இடமில்லாத ஒன்று மலைதானே! மக்கள் காரில் ஏறி மலைகளுக்குப் படையெடுத்தார்கள். வேல்ஸ் பகுதியிலுள்ள ஸ்னோடோனியா பூங்காவில் நினைவு தெரிந்த நாள் முதல் காணாத கூட்டம் என்று அதன் நிர்வாகமே அறிவித்தது. வண்டிகள் சாலையை அடைத்தன. சிற்றூர்க் கடைகளிலும் கழிப்பறைகளிலும் வரிசை நின்றது. அங்குள்ள முதியவர்கள் அஞ்சினார்கள். 23ஆம் நாள் மாலை, வீட்டிலேயே இருங்கள் என்ற அரசாணை வந்தது. நாளுக்கு ஒரு முறை உடற்பயிற்சிக்காக வெளியே வரலாம் என்ற சலுகை இருந்தது.

அதே வேளையில் நம் நாட்டில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். மலேசியாவில் மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முதல் நாள், ஊருக்குத் திரும்பிவிடத் துடித்த மக்கள் பேருந்து நிலையங்களில் குவிந்தார்கள். அனுமதி வாங்கக் காவல் நிலையங்களில் நெருக்கியடித்து நின்றார்கள். நோயிலிருந்து தப்ப நினைத்த கூட்டமே நோய் பரவும் இடமாக ஆகக்கூடிய நிலை. லண்டன் வண்டிகளும், பீக் மலைச் சாலையும், நம் பேருந்து நிலையமும் ஒரே மனித இயல்பைத்தான் காட்டுகின்றன. அதில் எள்ளி நகையாட ஒன்றுமில்லை. தாய்வீட்டை நினைக்காத பிள்ளை யார்?

பீக் மலைநாட்டில் டார்பிஷயர் காவல்துறை கடுமையைக் கையில் எடுத்தது. மார்ச் 26ஆம் நாள், கர்பர் எட்ஜ் என்ற பாறை விளிம்பருகே நாய் நடத்திச் சென்றவர்களையும் தனியே உலாவியவர்களையும் ஆளில்லா விமானத்தால் படம் பிடித்து, ஊரறிய வெளியிட்டது. பக்ஸ்டன் நகரருகே ஒரு பழைய கல்வெட்டுக் குழியில் நீலமாகத் தேங்கிய நீரைக் காண மக்கள் கூடினார்கள் என்று, அந்த நீரில் கருஞ்சாயத்தைக் கலந்தது. உச்ச நீதிமன்றத்திலிருந்து ஓய்வு பெற்ற நீதிபதி சம்ப்ஷன் பிரபு இந்தப் போக்கைக் கடுமையாகக் கண்டித்தார். 2021 சனவரியில், வீட்டிலிருந்து ஐந்து மைல் தொலைவிலுள்ள ஒரு நீர்த்தேக்கத்துக்குக் காப்பியோடு உலாவப் போன இரண்டு பெண்களுக்குத் தலைக்கு 200 பவுன் தண்டம் விதித்தார்கள். பிறகு அந்தத் தண்டம் திரும்பப் பெறப்பட்டது, மன்னிப்பும் கேட்கப்பட்டது.

இங்கே நாம் சிந்திக்க வேண்டும். கோவிட் நோய் மூச்சுக்காற்றின் வழியே பரவுவது. காற்றோட்டமில்லாத அறைக்குள் பலர் கூடினால் இடர் மிகுதி. திறந்த வெளியில் விலகி நடப்பவர்களிடையே இடர் மிகக் குறைவு. மலைமேல் தனியே நடப்பவரால் யாருக்கும் பெரிய தீங்கு இல்லை. தீங்கு வேறு இடத்தில் இருந்தது. வண்டி நிறுத்தும் இடத்தின் நெரிசல், கடையின் வரிசை, பொதுக் கழிப்பறையின் கதவு, ஒரே வண்டியில் அடைந்து வந்த பல வீட்டு ஆள்கள் – இவற்றில்தான். மலையில் ஒருவர் கால் தவறி விழுந்தால், அவரைத் தூக்கி வர வேண்டிய மீட்புக் குழுவினர் சம்பளமில்லாத் தொண்டர்கள். ஒருவரைத் தூக்கப் பலர் நெருங்கி வர வேண்டும். பிறகு அவர் போய்ச் சேரும் மருத்துவமனையில் முன்பே இடமில்லை. நடப்பவனைப் படம் பிடித்துக் காட்டியதற்குப் பதிலாக, இதை எடுத்துச் சொல்லியிருந்தால் மக்கள் இன்னும் நன்றாகக் கேட்டிருப்பார்கள். 2001ஆம் ஆண்டு கோமாரி நோயின்போது அவர்கள் கேட்டார்கள் அல்லவா?

மே 13ஆம் நாள் இங்கிலாந்தில் தளர்வு வந்தது. எவ்வளவு தொலைவானாலும் காரில் சென்று திறந்த வெளியில் உலாவலாம் என்றார்கள். அடைபட்டுக் கிடந்த மக்கள் வெள்ளமாகப் பாய்ந்தார்கள். அவர்களில் பலர் மலைப்பக்கமே முன்பு வராதவர்கள். குப்பை மலைபோல் குவிந்தது. சிலர் புல்வெளியில் அடுப்பு மூட்டி இறைச்சி சுட்டார்கள். அங்குள்ள மண் பழங்காலத்துப் பாசியும் புல்லும் மக்கி உண்டானது. தீப்பிடித்தால் அடியிலேயே நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். அது ஆடுகள் குட்டி போடுகிற பருவம். தரையில் கூடு கட்டும் பறவைகள் அடைகாக்கும் பருவம். அவிழ்த்துவிட்ட ஒரு நாய் எல்லாவற்றையும் கலைத்துவிடும். தெரியாமல் செய்தவர்களே மிகுதி. அதனால்தான், 1951இல் வந்த அந்த நெறிநூலை எழுபது ஆண்டுக்குப் பின், 2021 ஏப்ரல் முதல் நாள், புதுப்பித்து வெளியிட்டார்கள். எதிரே வருபவருக்கு வணக்கம் சொல்லுங்கள், இடத்தைப் பகிர்ந்துகொள்ளுங்கள் என்ற அன்பான சொற்களும் அதில் சேர்ந்தன.

நேயர்களே, இந்த நான்கு வழக்குகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் நமக்கு என்ன தெரிகிறது?

திறந்த வெளி ஏழைக்கும் உரியது. அதைப் பெற மக்கள் சிறை சென்றிருக்கிறார்கள். நோயைக் காரணம் காட்டி அதைக் காரணமின்றிப் பறிக்கக் கூடாது. பெரிய வீடும் தோட்டமும் உள்ளவனுக்கு ஊரடங்கு ஓய்வு நாள். லயத்து வீட்டில் ஏழு பேர் இருக்கும் குடும்பத்துக்கு வெளியே உள்ள திடல்தான் மூச்சு. இது ஒரு பக்கம். மறுபக்கம், அந்தத் திறந்த வெளி யாருமற்ற வெளி அன்று. அங்கே ஓர் ஈம் ஊர் இருக்கிறது. நாம் அழகு பார்க்கப் போகிற இடம் ஒருவருடைய வேலைக்காடு; ஒருவருடைய குடிநீர்; ஒருவருடைய வீட்டு வாசல். நம் தோட்டத்துக்கு வெளியூர்க்காரர் வந்தால், அவர் எப்படி நடந்துகொள்ள வேண்டுமென்று நாம் விரும்புகிறோமோ, அப்படியே நாமும் அங்கே நடந்துகொள்ள வேண்டும்.

ஆகவே, இனி ஒரு தொற்றுநோய்க் காலம் வந்தால் – வராது என்று யாரால் சொல்ல முடியும்? – புறப்படுவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து சில கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். இந்த நோய் எதன் வழியே பரவுகிறது? காற்றிலா, நீரிலா, பூச்சியிலா, காலில் ஒட்டிய மண்ணிலா? நம் வீட்டில் யாருக்காவது காய்ச்சலோ இருமலோ உண்டா? உண்டென்றால் பயணம் இல்லை; அவ்வளவுதான். போகிற இடத்து மக்கள் நம்மை வரச் சொல்கிறார்களா? பக்கத்திலேயே நடக்கத் திடலோ ஒற்றையடிப் பாதையோ இருக்கும்போது, தொலைவிலுள்ள நீர்வீழ்ச்சிக்குப் போகத்தான் வேண்டுமா? போனால், உணவும் தண்ணீரும் நாமே கொண்டுபோகிறோமா? கொண்டுபோனதன் குப்பையைத் திரும்பக் கொண்டுவருகிறோமா? கூட்டம் கண்டால் வண்டியைத் திருப்பிக்கொள்ள மனம் இருக்கிறதா? வழுக்குப் பாறையில் ஏறி விழுந்து, ஓய்வின்றி உழைக்கும் மருத்துவமனைத் தாதியருக்கு மேலும் ஒரு வேலை வைக்காமல் இருப்போமா?

இன்னொரு கேள்வியும் உண்டு, அதுவே பெரியது. எல்லை அடைபட்ட ஊரில் உள்ளவர்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள்? ஈம் மக்கள் தங்களை அடைத்துக்கொள்ள முடிந்ததற்குப் பக்கத்து ஊரார் வைத்த ரொட்டி ஒரு காரணம். வாசலைச் சாத்திக்கொள் என்று ஒருவரிடம் சொல்லுகிறவர், அந்த வாசலில் அரிசியையும் வைக்கக் கடமைப்பட்டவர். நம் அண்டை வீட்டில் நோய் கண்டால், நாம் உள்ளே போக வேண்டியதில்லை. வாசற்படியில் ஒரு பாத்திரம் கஞ்சியை வைத்துவிட்டு, நாலு எட்டுத் தள்ளி நின்று, ‘அக்கா, எடுத்துக்குங்க’ என்று குரல் கொடுக்கலாம்.

ஈம் ஊரில் ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, இறந்தவர்களை நினைத்து வழிபாடு நடத்துகிறார்கள். வெளியூர்களிலிருந்தும் மக்கள் அங்கே போகிறார்கள். ரைலி பண்ணையின் கல்லறைகளைப் பார்க்கிறார்கள். எல்லைக்கல்லின் குழிகளில் இன்றும் சிலர் காசு வைத்துவிட்டுப் போகிறார்கள். கட்டணம் கேட்பாரில்லை, காவல் நிற்பாரில்லை. ஒரு காலத்தில் யாரும் தாண்டாத அந்த எல்லையை இன்று யார் வேண்டுமானாலும் தாண்டலாம். அன்று தாண்டாமல் இருந்தவர்களின் பேரால், நாம் எந்த ஊருக்குப் போனாலும் அடக்கமாகப் போய், அடக்கமாகத் திரும்புவோம்.